கேமரா யார் கையில் இருந்தது? ஹோலோகாஸ்ட் படங்களையும் உரைகளையும் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

ஹோலோகாஸ்ட், அதாவது ஹிட்லரின் நாஜி ஆட்சி நடத்திய யூதப் படுகொலை, என்றதும் பலருக்கும் கண்முன் வருவது அநேகமாக ஒரே காட்சிதான். கறுப்பு வெள்ளையில், எலும்பும் தோலுமான உடல்கள் குவிந்து கிடக்கின்றன, ஒரு புல்டோசர் அவற்றைப் பெரிய குழிக்குள் தள்ளுகிறது. யூடியூபில் இரண்டாம் உலகப்போர் பற்றி எந்த வீடியோ போட்டாலும் இதில் ஒரு துண்டு வந்துவிடும், பின்னணியில் விஷவாயு அறைகளைப் பற்றி யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். காட்சி உண்மைதான். ஆனால் அதற்கும் விஷவாயு அறைக்கும் சம்பந்தம் இல்லை. 1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் ராணுவம் வட ஜெர்மனியில் இருந்த பெர்கன்-பெல்சன் முகாமுக்குள் போனது, அதற்குப் பிந்தைய நாட்களில் எடுத்த படம் அது. பெல்சனில் விஷவாயு அறையே கிடையாது. பட்டினியும் டைஃபஸ் காய்ச்சலும் அங்கே ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றிருந்தன, சுமார் 13,000 உடல்கள் புதைக்க ஆளில்லாமல் வெட்டவெளியில் கிடந்தன. உயிரோடு மீட்கப்பட்ட 60,000 பேரிலும் பதின்மூன்றாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அடுத்த சில வாரங்களில் இறந்துபோனார்கள். புல்டோசரை ஓட்டுபவர் நாஜி அல்ல, பிரிட்டிஷ் வீரர். தொற்று பரவாமல் தடுக்க அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

சரி, பெல்சன் இது என்றால், ட்ரெப்ளிங்கா எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் எந்தப் படத்தைக் காட்டுவது? போலந்துக் காட்டுக்குள் ஒரு சின்ன ரயில் நிலையத்தை ஒட்டி இருந்த அந்த இடத்தில் 1942 ஜூலையிலிருந்து 1943 இலையுதிர்காலம் வரை சுமார் 9 லட்சம் பேரைக் கொன்றார்கள். அந்தக் கொலை நடப்பதைக் காட்டும் ஓர் அடி ஃபிலிம்கூட இன்று உலகில் எங்கும் கிடையாது. முகாமின் துணைத் தளபதியாக இருந்து பிறகு கடைசித் தளபதியான கர்ட் ஃப்ரான்ஸ் என்பவர் ஒரு போட்டோ ஆல்பம் வைத்திருந்தார், அதற்கு 'அழகிய நாட்கள்' என்ற பொருளில் தலைப்பு வேறு. முகாமில் காவலர்கள் பொழுதுபோக்குக்கு வைத்திருந்த மிருகக்காட்சிக் கூண்டும் மண் அள்ளும் இயந்திரமும் அதில் இருக்கின்றன, சாகப்போகிறவர்கள் இல்லை.

ஹோலோகாஸ்ட் பற்றிய படங்களையும் பொது உரைகளையும் புரிந்துகொள்ள முதலில் பிடிபட வேண்டிய சங்கதி இதுதான்: இந்தக் கொலையின் நடுப்பகுதிக்குப் படம் இல்லை. விளிம்பில்தான் படங்கள் இருக்கின்றன, அவற்றிலும் பெரும்பகுதியை எடுத்தவர்கள் கொலைகாரர்களோ, எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தவர்களோதான். அந்த வெற்றிடத்தை எப்படிக் கையாள்வது என்று ஒவ்வொரு இயக்குநரும் பேச்சாளரும் ஒரு முடிவெடுத்தாக வேண்டியிருக்கிறது. எந்த முடிவை எடுத்தார், ஏன் எடுத்தார் என்று கவனிக்க ஆரம்பித்தால் பாதி புரிந்த மாதிரி.

நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் தாவிக்கொள்ளலாம். (நம்ம ஊரில் கண்டிப்பான ஹெட்மாஸ்டருக்கு ஹிட்லர் என்று பட்டப்பெயர் வைப்போம், அந்த மனுஷன் செய்தது என்ன என்று கேட்டால் பாதிப் பேருக்குப் போர் மட்டும்தான் தெரியும்.) 1933 ஜனவரி 30-ல் ஹிட்லர் ஜெர்மனியின் சான்சலர் ஆனார். அரசு வேலை, பள்ளிக்கூடம், வியாபாரம் என்று ஒவ்வொன்றிலிருந்தும் யூதர்களை வெளியேற்றினார்கள், 1935-ல் வந்த நூரெம்பர்க் சட்டங்கள் அவர்களின் குடியுரிமையைப் பறித்தன, 1938 நவம்பர் 9 இரவு நாடு முழுக்க யூத ஆலயங்களும் கடைகளும் எரிந்தன. 1939-ல் போலந்தைப் பிடித்ததும் அங்கிருந்த யூதர்களை கெட்டோ என்ற அடைப்புகளுக்குள் தள்ளிப் பட்டினி போட்டார்கள். 1941 ஜூன் 22-ல் சோவியத் யூனியனுக்குள் படை நுழைந்தபோது, அதன் பின்னாலேயே போன கொலைப்படைகள் ஊர் ஊராக மக்களைக் குழிக்கரையில் நிறுத்திச் சுட்டன. கீவ் நகரை ஒட்டிய பாபி யார் பள்ளத்தாக்கில் செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாளில் 33,771 பேர். இந்த எண்ணிக்கை அவர்களே பெர்லினுக்கு அனுப்பிய அறிக்கையில் இருப்பது. 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்சே ஏரிக்கரை பங்களாவில் பதினைந்து அதிகாரிகள் கூடி, ஐரோப்பா முழுவதற்குமான வேலையை யார் யார் எப்படிச் செய்வது என்று பேசி முடித்தார்கள். கொலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது, கூட்டம் அதை ஒழுங்குபடுத்தியது. செல்ம்னோ, பெல்செக், சோபிபோர், ட்ரெப்ளிங்கா, மைதானெக், ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் என ஆறு கொலைமுகாம்கள், ஆறுமே ஜெர்மனி பிடித்து வைத்திருந்த போலந்து நிலத்தில். மொத்தம் சுமார் 60 லட்சம் யூதர்கள். ஐரோப்பாவில் ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா, சிந்தி மக்கள், மாற்றுத்திறனாளிகள், சோவியத் போர்க்கைதிகள், போலந்துக்காரர்கள் என்று இன்னும் பல லட்சம் பேரை இதே ஆட்சி கொன்றது.

படம் இல்லாமல் போனது தற்செயல் அல்ல. 1943 அக்டோபரில், முகாம்களை நடத்திய எஸ்.எஸ். படையின் தலைவர் ஹிம்லர் போஸன் நகரில் தன் தளபதிகளிடம் பேசிய பேச்சின் ஒலிப்பதிவு இருக்கிறது. யூதர்களை ஒழிப்பது தங்கள் வரலாற்றின் பெருமைமிக்க பக்கம் என்றும், ஆனால் அது ஒருபோதும் எழுதப்படாது என்றும் சொல்கிறார். பேச்சோடு நிற்கவில்லை. புதைத்த உடல்களைத் தோண்டியெடுத்து எரிப்பதற்கென்றே 1942-லிருந்து ஒரு தனிப்படை வேலை செய்தது. ட்ரெப்ளிங்காவை 1943-ல் இடித்து, நிலத்தை உழுது, மேலே ஒரு பண்ணைவீட்டையும் கட்டிவிட்டுப் போனார்கள்.

கொலைகாரர்கள் எடுத்த படங்கள்

ஆனாலும் ஜெர்மானியப் படைவீரர்களிடம் கேமரா நிறைய இருந்தது, தடையை மீறிப் படம் எடுத்தவர்களும் இருந்தார்கள். லாட்வியாவின் லீபாயா நகரில் 1941 கோடையில் ரெய்ன்ஹார்ட் வீனர் என்ற கடற்படைக்காரர் எட்டு மில்லிமீட்டர் கேமராவில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக ஒரு படம் எடுத்தார். லாரியில் வந்து இறங்கும் ஆட்கள் குழிக்குள் ஓடவைக்கப்படுகிறார்கள், துப்பாக்கிகள் வெடிக்கின்றன, சுற்றிலும் கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கிறது. சுட்டுக்கொல்வதை நேரடியாகக் காட்டும் அசையும் படம் என்றால் திரும்பத் திரும்ப எல்லா ஆவணப்படங்களிலும் வருவது இந்த ஒன்றுதான், வேறு இல்லாததால்.

இன்னொரு வகை, திட்டமிட்டு எடுத்த பிரச்சாரப் படம். இதற்கு வார்சா கெட்டோ நல்ல உதாரணம். 1942 மே மாதம் ஒரு ஜெர்மானியப் படக்குழு அங்கே வந்து வாரக்கணக்கில் படம் பிடித்தது. ஜூலை 22-ல் அதே கெட்டோவிலிருந்து ட்ரெப்ளிங்காவுக்கு ரயில்கள் புறப்படத் தொடங்கின, இரண்டு மாதத்துக்குள் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோய்க் கொன்றார்கள். படம் முடிக்கப்படவே இல்லை. போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியின் ஆவணக்காப்பகம் ஒன்றில் ஒலி இல்லாத சுருள்களாக, 'கெட்டோ' என்ற ஒற்றைச் சொல்லோடு கிடைத்தது. அதில் பஞ்சடைந்த கண்களோடு தெருவில் கிடக்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள், பளபளக்கும் உடையில் ஓட்டலில் விருந்து சாப்பிடும் யூதர்களும் இருக்கிறார்கள். பல பத்தாண்டுகளாக ஆவணப்படக்காரர்கள் இதிலிருந்து துண்டு துண்டாக எடுத்து, கெட்டோ வாழ்க்கை இப்படி இருந்தது என்று காட்டினார்கள்.

அப்புறம் 1998-ல் இன்னொரு சுருள் கிடைத்தது. வெட்டி ஒதுக்கிய காட்சிகள். அதில் அந்த ஓட்டல் விருந்து பல டேக்குகளாக இருக்கிறது. நன்றாக உடுத்திய பெண்மணி பிச்சைக்காரக் குழந்தையைக் கண்டுகொள்ளாமல் கடந்து போவதைத் திரும்பத் திரும்ப நடக்கவைத்து எடுத்திருக்கிறார்கள், ஒரு டேக்கில் கேமரா பிடித்த இன்னொரு ஆளும் ஃபிரேமுக்குள் வந்துவிடுகிறார். பணக்கார யூதன் ஏழை யூதனைச் சாகவிடுகிறான் என்று காட்டுவதுதான் நோக்கம். கெட்டோவின் யூதக் கவுன்சில் தலைவராக இருந்த ஆடம் செர்னியாகோவ் இந்தப் படப்பிடிப்பைப் பற்றித் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார், தன் வீட்டுக்குள்ளேயே வந்து நாடகம் எடுத்ததையும் சேர்த்து. ரயில்கள் புறப்பட்ட மறுநாள் அவர் தற்கொலை செய்துகொண்டார். இஸ்ரேலிய இயக்குநர் யாயெல் ஹெர்சோன்ஸ்கி 2010-ல் 'எ ஃபிலிம் அன்ஃபினிஷ்ட்' என்ற ஆவணப்படத்தில் இந்தச் சுருள்களையும் நாட்குறிப்பையும் அருகருகே வைத்துக் காட்டுகிறார், கெட்டோவில் இருந்து தப்பிப் பிழைத்த சிலரைத் தியேட்டரில் உட்காரவைத்து அந்தப் படத்தைப் பார்க்கவும் வைக்கிறார். ஆவணக்காட்சி என்றால் உண்மை என்று நம்புகிறவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டிய படம். அதற்காகச் சுருள் முழுக்கப் பொய் என்று தூக்கிப்போடவும் முடியாது. அந்தக் குழந்தைகளின் பசி நடிப்பு இல்லை.

தெரேசியன்ஸ்டாட் கெட்டோவில் எடுத்த படம் இதைவிடக் கொடுமை. செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆட்கள் 1944 ஜூன் 23 அன்று பார்வையிட வருவதற்காகச் சுண்ணாம்பு அடித்து, பூச்செடி வைத்து அழகாக்கிய கெட்டோவையே செட்டாக்கி, அந்தக் கோடையின் கடைசியில் ஒரு படம் எடுத்தார்கள். இயக்கியவர் அங்கேயே கைதியாக இருந்த குர்ட் கெரோன், பெர்லினில் பேர்பெற்ற யூத நடிகர். படப்பிடிப்பு முடிந்ததும், அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள்.

நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலும் இதே கதைதான், முகாம் தளபதி உத்தரவில் ருடால்ஃப் ப்ரெஸ்லவர் என்ற யூதக் கைதி எடுத்த படம். அதில் சரக்கு ரயிலின் கதவிடுக்கில் தலையில் துணி கட்டிய ஒரு சிறுமி எட்டிப் பார்ப்பாள். சில நொடிகள்தான். ஐம்பது வருஷமாக அவள் யூதச் சிறுமி என்றே எல்லோரும் நினைத்தார்கள், யூதப் படுகொலையின் அடையாள முகமாகவே ஆனாள். டச்சுப் பத்திரிகையாளர் ஒருவர் விடாமல் தேடி, 1994-ல் அவள் பெயர் செட்டலா ஸ்டெய்ன்பாக், சிந்தி இனத்தவள் என்று கண்டுபிடித்தார். அது எந்த நாளின் ரயில் என்பதும் அதே படத்தில் தள்ளுவண்டியில் போகும் ஒரு மூதாட்டியின் பெட்டி மேல் எழுதியிருந்த பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத்தான் உறுதியானது: 1944 மே 19. இந்த இடத்தில் எனக்குப் பிடித்தது, ஒரு ஃபிரேமை நிறுத்தி, பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து படிக்கும் அந்தப் பொறுமை.

நான்கு போட்டோக்கள்

சாகப்போகிறவர்கள் கையில் கேமரா கிடைத்த தருணம் ஒன்று உண்டு. ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவில் விஷவாயு அறைகளிலிருந்து உடல்களை எடுத்து எரிக்கும் வேலையை யூதக் கைதிகள் மேலேயே சுமத்தியிருந்தார்கள், அவர்களுக்கு சோண்டர்கமாண்டோ என்று பெயர், அவ்வப்போது அவர்களில் பலரையும் கொன்றுவிட்டு வேறு ஆட்களைப் போடுவார்கள். 1944 ஆகஸ்டில் போலந்து எதிர்ப்பியக்கம் ஒரு கேமராவை உள்ளே கடத்திக் கொண்டுவந்தது. மற்றவர்கள் காவல் பார்க்க, கிரேக்க யூதர் ஒருவர், ஆல்பெர்ட்டோ எர்ரேரா என்று கருதப்படுபவர், ஐந்தாம் எண் எரிகூடத்தின் உள்ளிருந்து கதவு வழியாக வெளியே உடல்கள் எரிவதை இரண்டு முறை எடுத்தார். பிறகு வெளியே வந்து, கண்ணுக்கருகே கேமராவைக் கொண்டுபோக முடியாத நிலையில், குத்துமதிப்பாக இரண்டு. ஒன்றில் மரங்களுக்கிடையே ஆடை களைந்த பெண்கள் ஓரத்தில் மங்கலாகத் தெரிகிறார்கள், இன்னொன்றில் கிளைகளும் வானமும் மட்டும். ஃபிலிமைப் பற்பசைக் குழாய்க்குள் வைத்து கிராகோவுக்கு அனுப்பினார்கள்.

பிற்காலத்தில் புத்தகங்களும் கண்காட்சிகளும் இந்தப் போட்டோக்களை வெட்டிச் சீராக்கின. கதவு விளிம்பின் கறுப்பு பாதிப் படத்தை மறைக்கிறதே என்று அதை நீக்கினார்கள், நான்காவது போட்டோவை ஒன்றும் தெரியவில்லை என்று பலர் போடவே இல்லை. அந்தக் கறுப்புதான் எடுத்தவர் எங்கே ஒளிந்து நின்றார் என்பதைச் சொல்கிறது, ஒன்றும் தெரியாத கிளைகள்தான் அவருக்குக் குறிபார்க்க நேரமில்லை என்பதைச் சொல்கின்றன. படத்தில் என்ன தெரிகிறது என்பதோடு எப்படி எடுக்கப்பட்டது என்பதும் சாட்சிதான், இதற்கு மேல் இதை விளக்கத் தேவையில்லை.

சினிமா என்ன செய்தது

முதலில் படம் நீதிமன்றத்துக்குப் போனது. 1945 நவம்பர் 29-ல் நூரெம்பர்க் விசாரணையில் நேச நாடுகளின் கேமராக்காரர்கள் முகாம்களில் எடுத்ததைத் தொகுத்து ஒரு மணி நேரப் படமாகத் திரையிட்டார்கள், குற்றவாளிக் கூண்டில் இருந்த கோரிங் உள்ளிட்ட நாஜித் தலைவர்களின் முகத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்டனும் தனியாக ஒரு படம் தொகுத்தது, சிட்னி பெர்ன்ஸ்டீன் தயாரிப்பில், ஆலோசனைக்கு ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக். ஒட்டுவேலை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது, அதனால் வெட்டாமல் நீளமான ஷாட்டாக வையுங்கள் என்பது அவர் சொன்ன யோசனை. இப்படியொன்று நடக்கவே இல்லை என்று சொல்லும் மறுப்பாளர்கள் வருவார்கள் என்று 1945-லேயே யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். அந்தப் படம் அரசியல் காரணங்களால் கிடப்பில் போடப்பட்டு, லண்டனின் இம்பீரியல் வார் மியூசியம் அதை முழுமையாக்கி 2014-ல்தான் வெளியிட்டது.

1956-ல் பிரெஞ்சு இயக்குநர் ஆலன் ரெனே 'நைட் அண்ட் ஃபாக்' எடுத்தார். 32 நிமிடம்தான். புல் முளைத்த முகாம்களைக் கலரிலும் பழைய காட்சிகளைக் கறுப்பு வெள்ளையிலும் மாறி மாறிக் காட்டும், உரை எழுதிய ஜான் கேரோல் தானே முகாமிலிருந்து மீண்டவர். யூதர்களைப் பிடித்து வைத்த முகாமைக் காவல் காத்த பிரெஞ்சுப் போலீஸ்காரரின் தொப்பி ஒரு காட்சியில் தெரிகிறது என்று பிரான்ஸ் தணிக்கைக்குழு அதை மறைக்கச் சொன்னது, மறைத்த பிறகுதான் அனுமதி. எனக்கு இந்தப் படத்தின் மேல் மரியாதை உண்டு, ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது: யூதர் என்ற சொல் அதில் ஒரே ஒரு முறைதான் வருகிறது. பத்துப் பதினோரு வருஷத்துக்குள்ளேயே யார் கொல்லப்பட்டார்கள் என்பது மங்கத் தொடங்கியிருந்தது.

அதை மாற்றியது ஒரு விசாரணை. 1961 ஏப்ரலில் ஜெருசலேமில், யூதர்களை முகாம்களுக்கு ரயிலேற்றும் வேலையை ஒருங்கிணைத்த நாஜி அதிகாரி அடோல்ஃப் ஐக்மன் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்க, நூறுக்கும் மேற்பட்ட சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து பேசினார்கள், அது வீடியோவில் பதிவாகிப் பல நாட்டுத் தொலைக்காட்சிகளுக்குப் போனது. நூரெம்பர்க்கில் பெரும்பாலும் காகிதங்கள் பேசின, இங்கே மனிதர்கள் பேசினார்கள். பொது உரை என்று இன்று நாம் அறியும் வடிவத்துக்கு, அதாவது ஒரு மீண்டவர் மேடையில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்ல மற்றவர்கள் கேட்பதற்கு, தொடக்கம் கிட்டத்தட்ட இதுதான்.

இதன் தொடர்ச்சியாக வந்ததுதான் க்ளோட் லான்ஸ்மனின் 'ஷோவா', 1985. ஒன்பதரை மணி நேரம், எடுக்கப் பதினோரு வருஷம். இதில் ஒரு பழைய காட்சிகூட இல்லை. பிணக்குவியல் இல்லை, புல்டோசர் இல்லை. இன்றைய ரயில்பாதை, இன்றைய காடு, பேசும் முகங்கள், அவ்வளவுதான். ட்ரெப்ளிங்காவில் விஷவாயு அறைக்குள் பெண்களின் தலைமுடியை வெட்டவைக்கப்பட்ட ஆப்ரகாம் போம்பாவை ஒரு முடிதிருத்தும் கடையில் கத்திரியோடு நிற்கவைத்துப் பேசச் சொல்கிறார், ஒரு கட்டத்தில் அவரால் பேச முடியாமல் நிற்கிறார், கேமரா நகரவில்லை. ட்ரெப்ளிங்காவில் வேலை பார்த்த எஸ்.எஸ். காரர் ஃப்ரான்ஸ் சுகோமெலை மறைகேமராவில் எடுத்தார், பெயரை வெளியிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு. இது சரியா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய தர்மசங்கடம் இல்லை.

வரலாற்றாசிரியர் ராவுல் ஹில்பெர்க் இந்தப் படத்தில் ஒரே ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் இடம்தான் நான் பார்த்ததிலேயே சிறந்த வரலாற்றுப் பாடம். அது ட்ரெப்ளிங்காவுக்குப் போகும் ரயிலின் கால அட்டவணை. நிறைய பெட்டிகளோடு போகும் ரயில், திரும்பும்போது காலி. ஜெர்மன் ரயில்வே இதற்குக் கட்டணம் வசூலித்தது: நபருக்கு இத்தனை கிலோமீட்டருக்கு இவ்வளவு, பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அரை டிக்கெட், நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம், கூட்டமாகப் போனால் குழுச் சலுகை. போவதற்கு மட்டும்தான் டிக்கெட். பணத்தை யூதர்களிடம் பறித்த சொத்திலிருந்து கொடுத்தார்கள். ஒரு குமாஸ்தா மேசையில் உட்கார்ந்து இதைக் கணக்குப் போட்டிருக்கிறார், அந்தக் காகிதத்தில் ரகசியம் என்ற முத்திரைகூட இல்லை. நல்ல உரை ஒன்றில் நமக்குக் கிடைக்க வேண்டியது இந்த மாதிரி விஷயம்தான்.

இந்த நேரத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி வேறொரு வழியில் போயிருந்தது. 1978-ல் என்பிசி 'ஹோலோகாஸ்ட்' என்ற தொடரை ஒளிபரப்பியது, ஒரு கற்பனைக் குடும்பத்தின் கதை, விளம்பர இடைவேளைகளோடு. மெகா சீரியல் ஆக்கிவிட்டார்கள் என்று திட்டினார்கள், அது நியாயமும்கூட. ஆனால் 1979 ஜனவரியில் அது மேற்கு ஜெர்மனியில் ஒளிபரப்பானபோது சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள், ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் வரலாற்றாசிரியர்கள் ஸ்டூடியோவில் உட்கார்ந்து பதில் சொல்ல, ஆயிரக்கணக்கான தொலைபேசி அழைப்புகள் வந்தன. எங்கள் அப்பா அப்போது எங்கே இருந்தார் என்று பிள்ளைகள் வீட்டில் கேட்க ஆரம்பித்தார்கள். அந்த ஜூலையில் ஜெர்மன் நாடாளுமன்றம் கொலைக்குற்றத்துக்கு இருந்த கால வரம்பையே நீக்கியது, அதனால்தான் பல வருஷங்கள் கழித்தும் கிழட்டு முகாம் காவலர்களை நீதிமன்றத்துக்கு இழுக்க முடிந்தது. தொடர் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, விவாதம் முன்பே நடந்துகொண்டிருந்தது, ஆனால் அதற்கு ஒரு தள்ளு கொடுத்தது. சுமாரான கலை சில சமயம் நல்ல காரியம் செய்துவிடுகிறது.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' 1993-ல் வந்ததும் இந்தச் சண்டை மறுபடி வந்தது. ஏழு ஆஸ்கர் வாங்கிய படம், நம்மில் பலருக்கு இதுதான் முதல் அறிமுகம். லான்ஸ்மன் இதைக் கடுமையாகத் தாக்கினார். விஷவாயு அறைக்குள் எடுத்த ஒரு ரகசியப் படம் தன் கையில் கிடைத்தால்கூட அதைக் காட்ட மாட்டேன், அழித்துவிடுவேன் என்கிற அளவுக்குப் போனார். அவ்வளவு தூரம் என்னால் போக முடியாது, அந்த நான்கு போட்டோக்களை உயிரைப் பணயம் வைத்து எடுத்தவருக்கு என்ன பதில் சொல்வது? ஆனால் அவர் எரிச்சலுக்குக் காரணம் புரிகிறது. பெண்களைக் குளியலறைக்குள் தள்ளி, விளக்கை அணைத்து, நம்மைப் பதறவைத்து, கடைசியில் தண்ணீரைக் கொட்டவைக்கும் அந்தக் காட்சி சஸ்பென்ஸ் படத்தின் உத்தி. தவிர, சுமார் 1,100 பேர் பிழைத்த கதை அது, செத்தவர்கள் 60 லட்சம். அதே ஸ்பீல்பெர்க்தான் படம் முடிந்ததும் 1994-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, சில வருஷத்திலேயே 50,000-க்கு மேற்பட்ட மீண்டவர்களையும் சாட்சிகளையும் வீடியோவில் பதிவுசெய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் கணக்கில் அந்தப் படத்தைவிட இந்தப் பதிவுகள்தான் பெரிய காரியம்.

முகாம் தளபதியின் மகனும் உள்ளே இருக்கும் யூதச் சிறுவனும் வேலியோரம் நண்பர்களாகும் 'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்ட் பைஜாமாஸ்' மட்டும் வேண்டாம். பள்ளிகளில் இதைப் போட்டுக் காட்டுகிறார்கள், அழுகை வரும், ஆனால் ஆஷ்விட்ஸ் வந்திறங்கிய அந்த வயதுக் குழந்தைகளில் பெரும்பாலானவர்களை அன்றைக்கே கொன்றுவிட்டார்கள், மின்வேலி ஓரம் தினமும் உட்கார்ந்து கதை பேச யாருக்கும் வாய்ப்பு இருந்ததில்லை. மூலக் கதைப் புத்தகத்தைத் தவிர்க்கும்படி ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகமே 2020-ல் சொன்னது. அண்மைக் காலத்தில் வெற்றிடத்தை மதித்து எடுத்தவை இரண்டு: சோண்டர்கமாண்டோ ஆள் ஒருவரின் தலைக்குப் பின்னாலேயே கேமராவை வைத்து மற்றதையெல்லாம் மங்கலாக்கிய 'சன் ஆஃப் சால்' (2015), ஆஷ்விட்ஸ் முகாம் தளபதி ஹோஸின் வீட்டையும் தோட்டத்தையும் மட்டும் காட்டி, சுவருக்கு அந்தப் பக்கத்தைச் சத்தமாக மட்டும் கேட்கவைக்கும் 'தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' (2023). இரண்டாவதை ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்கள்.

உரைகளைக் கேட்கும்போது

ஐ.நா. 2005-ல், ஆஷ்விட்ஸ் விடுவிக்கப்பட்ட ஜனவரி 27-ஐ நினைவுநாளாக அறிவித்தது. அதை ஒட்டிப் பல நாடுகளில் பல்கலைக்கழகங்களும் அருங்காட்சியகங்களும் நூலகங்களும் பொது உரை வைக்கின்றன, படம் போட்டுவிட்டுக் கலந்துரையாடலும் நடக்கும். லண்டனின் வீனர் நூலகம், வாஷிங்டன் ஹோலோகாஸ்ட் மியூசியம், ஜெருசலேமின் யாத் வாஷெம் ஆகியவற்றின் நிகழ்ச்சிகள் பலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தால் போதும், சப்டைட்டில் போட்டுக்கொள்ளலாம்.

மீண்டவர்கள், வரலாற்றாசிரியர்கள் என்று இரண்டு வகைப் பேச்சாளர்கள் வருவார்கள், இரண்டையும் ஒரே காதால் கேட்கக் கூடாது. இதற்கு ஒரு பழைய வாக்குவாதத்தைச் சொல்கிறேன். 1944 அக்டோபர் 7-ல் பிர்கெனாவ் சோண்டர்கமாண்டோ ஆட்கள் கலகம் செய்து ஓர் எரிகூடத்தைக் கொளுத்தினார்கள். அதைக் கண்ணால் பார்த்த ஒரு பெண்மணி பல வருஷம் கழித்துத் தன் வாக்குமூலத்தில் நான்கு புகைபோக்கிகள் வெடித்துச் சிதறியதாகச் சொன்னார். இந்தப் பதிவைப் போட்டுக் காட்டிய ஒரு கூட்டத்தில் வரலாற்றாசிரியர்கள் கையை விரித்தார்கள்: நாசமானது ஒன்றுதான், இவர் சொல்வது தவறு, இதை விட்டால் மறுப்பாளர்கள் எல்லாவற்றையும் பொய் என்பார்கள். பதிவுசெய்தவர்களில் ஒருவரான மனநல மருத்துவர் டோரி லாப் ஒத்துக்கொள்ளவில்லை. ஆஷ்விட்ஸில் எதிர்த்து நிற்க முடியும் என்பதே நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று, அது நடந்ததைத்தான் அவர் சாட்சி சொல்கிறார், புகைபோக்கி எண்ணிக்கையை அல்ல என்றார்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் வெவ்வேறு கேள்விக்கு. எத்தனை, எப்போது, யார் உத்தரவு என்றால் காகிதத்திடம் போக வேண்டும். அமெரிக்க வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மேல் மறுப்பாளர் டேவிட் இர்விங் லண்டனில் போட்ட அவதூறு வழக்கில் இதைத்தான் செய்தார்கள். மீண்டவர் ஒருவரைக்கூடச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை, அவர்களை இர்விங் குறுக்குவிசாரணையில் அவமானப்படுத்த விட மாட்டோம் என்று முடிவெடுத்து, கட்டட வரைபடங்களையும் கடிதங்களையும் நிபுணர்களையும் வைத்தே வென்றார்கள், 2000 ஏப்ரலில் தீர்ப்பு. அங்கே இருந்தது எப்படி இருந்தது என்பதற்கோ எந்த வரைபடமும் பதில் சொல்லாது.

மேடையேறிப் பேசும் மீண்டவர்கள் இப்போது அரிதாகிவிட்டார்கள். 88 வயதில் நியூயார்க்கிலிருந்து பெர்லினுக்கே திரும்பி வந்து, பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசிய மார்கோட் ஃப்ரீட்லெண்டர் 2025 மே மாதம் 103 வயதில் இறந்தார். இன்று இருப்பவர்களில் பெரும்பாலோர் அப்போது குழந்தைகள். இதை முன்கூட்டியே யோசித்து ஸ்பீல்பெர்க் தொடங்கிய அந்த அமைப்பு ஒரு வேலை செய்தது: பின்கஸ் குட்டர் என்ற மீண்டவரைப் பல கேமராக்களுக்கு நடுவே உட்காரவைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகளுக்குப் பதில் பதிவுசெய்தது. அருங்காட்சியகத்தில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டால், பொருத்தமான பதிலைக் கணினி தேடி எடுத்து ஓடவிடும். கணினி தேடுகிறதே தவிர எதையும் புனைவதில்லை, ஒவ்வொரு சொல்லும் அவர் வாயால் சொன்னது.

ஃபேஸ்புக்கில் இப்போது உலவுவது வேறு சரக்கு. செயற்கை நுண்ணறிவில் செய்த, முகாமில் வயலின் வாசிக்கும் சிறுவன், கண்ணீரோடு பார்க்கும் சிறுமி என்று பெயரும் கதையும் போட்டு லைக் அள்ளுகிறார்கள், அப்படி ஒரு ஆளே இருந்ததில்லை. இதைப் பற்றி ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகம் 2025-ல் எச்சரித்தது. இந்தப் படங்களை எடுக்க ஒரு கேமராவே இருந்ததில்லை. ஒரு படம் ரொம்ப அழகாக, ரொம்பத் தெளிவாக, அழவைக்கத் தோதாக இருந்தால் எங்கிருந்து வந்தது என்று தேடிவிட்டுப் பகிருங்கள்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், முதலில் 'நைட் அண்ட் ஃபாக்', அரை மணி நேரம்தான். அடுத்து 'எ ஃபிலிம் அன்ஃபினிஷ்ட்'. பிறகு 'த்ரீ மினிட்ஸ்: எ லெங்தனிங்' (2021). போலந்தின் நாஷெல்ஸ்க் ஊரில் 1938-ல் ஓர் அமெரிக்கச் சுற்றுலாப் பயணி எடுத்த மூன்று நிமிட வீட்டுப் படத்தை மட்டுமே வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் இது, கொலை எதுவும் இல்லை, ஆட்கள் கேமராவுக்கு முன்னால் முண்டியடித்துச் சிரிக்கிறார்கள். அந்த ஊரின் சுமார் 3,000 யூதர்களில் நூறு பேர்கூடப் பிழைக்கவில்லை. 'ஷோவா'வைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரே மூச்சில் பார்க்க முயல வேண்டாம், நாலு வார இறுதிகளாகப் பிரித்துக்கொள்ளலாம். படத்தில் சேராமல் மிஞ்சிய இருநூறு மணி நேரத்துக்கு மேற்பட்ட பதிவுகளை வாஷிங்டன் மியூசியம் பாதுகாத்து, பெரும்பாலானவற்றைத் தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, ஹில்பெர்க்கின் பேட்டியிலிருந்து தொடங்கலாம்.